புதிதாகப் பொருத்திய கணினியில் விளையாட்டு திடீரென உறைந்து நிற்பது ஏன்?

கோலாலம்பூர் லோயாட் பிளாசாவில் உதிரிப்பாகங்கள் வாங்கிப் பொருத்திய புதுக் கணினி, விளையாட்டின்போது மட்டும் நேரங்காலமின்றி உறைந்து நின்றால், நான் முதலில் ஐயுறுவது எக்ஸ்எம்பியை. நினைவகப் பட்டையை (ரேம்) அதன் அடிப்படை வேகத்தைவிடக் கூடுதலாக ஓட்டுவதற்குத் தயாரிப்பாளர் அதிலேயே பதித்துவைத்த அமைப்பு அது. பெட்டியில் வேகம் 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 வகை நினைவகப் பட்டை பெரும்பாலும் 4800இல்தான் தொடங்கும். அதற்கு மேற்பட்ட வேகத்தைச் செயலியோ தாய்ப்பலகையோ தாங்காவிட்டால், நினைவகத்தில் எங்கோ ஒரு பிட் (தரவின் மிகச் சிறிய அலகு) பிறழ்ந்து விளையாட்டு நின்றுவிடுகிறது. இது மாமாக் கடையில் தே தாரேக் என்னும் இழுத்து ஆற்றும் தேநீரைப் போன்றது. ஆற்றுபவர் கையை உயர்த்த உயர்த்த நுரை பொங்கும். கைக்கு அடங்காத உயரத்தில் தேநீர் சிந்திவிடும். கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்து ஓரிரு நாள் விளையாடிப் பாருங்கள். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்னும் மென்பொருள் கொண்டு ஓர் இரவு சோதியுங்கள், ஒரே ஒரு பிழை வந்தாலும் விட்டுவிடாதீர்கள். பெட்டியில் அச்சிட்ட வேகம் எல்லாக் கணினியிலும் உறுதி என்று பலர் எண்ணுகின்றனர். அது பட்டைக்குச் சோதித்த வேகமே, உங்கள் செயலிக்கு அளித்த உத்தரவாதம் அன்று.