வீட்டை அடமானம் வைத்து டென்னிஸ் ஆட அனுப்பலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். எனக்குத் துறைமுகத்தில் வேலை. மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. நுங்கம்பாக்கத்தில் டென்னிஸ் பழகுகிறான். தேசிய ஜூனியர் போட்டிகளில் காலிறுதி வரை வருகிறான். பள்ளி முடிந்ததும் ஒரு வருடம் தொழில்முறைப் போட்டிகளே ஆடட்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வீட்டை அடமானம் வைத்தால் 12 லட்சம் கிடைக்கும். வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள் ஐயா. பையனின் ஆட்டத்தில் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. தெருவுக்குத் தெரு கேரமும் கால்பந்தும் பாக்ஸிங்கும் இருக்கிற ஊரில், கொருக்குப்பேட்டையில் ரயிலேறி, பீச்சில் மாறி, நுங்கம்பாக்கம் வரை போய் ஒரு பிள்ளை டென்னிஸ் பழகுகிறான் என்றால் அவனிடம் பிடிவாதம் இருக்கிறது. கணக்குதான் உதைக்கிறது.

அவன் தொடங்க வேண்டிய இடம் ஐடிஎஃப் என்கிற சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் எம்15 போட்டிகள். ஆண்கள் தொழில்முறை டென்னிஸில் அதுதான் அடிப்படி. மொத்தப் பரிசே 15,000 டாலர். ஐந்து ஆட்டம் ஜெயித்துக் கோப்பை வாங்கினால் 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றால் 156 டாலர், நம் பணத்தில் பதின்மூன்று, பதினான்காயிரம். தகுதிச் சுற்றோடு வெளியே வந்தால் ஒரு பைசா கிடையாது. உலக ரேங்க் இல்லாத பையன் பல மாதம் அந்தத் தகுதிச் சுற்றில்தான் கிடப்பான். ஓட்டல் அறையை இன்னொருவனோடு பங்கு போட்டாலும், ரயில், சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் எல்லாம் சேர்த்து உள்நாட்டிலேயே வாரத்துக்கு 25,000 ரூபாய்க்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வருடம் முழுக்கப் போட்டி நடப்பதில்லை. துனிசியாவின் மொனாஸ்டிர், துருக்கியின் அன்டால்யா என்று போக வேண்டிவரும். உங்கள் 12 லட்சம் ஒரு வருடம் தாங்குவதே கஷ்டம். கையில் நாலைந்து ரேங்க் புள்ளி மிஞ்சினால் பெரிது.

2013-இன் கணக்கை ஐடிஎஃப் அலசியபோது, கோச் சம்பளத்தைச் சேர்க்காமலே, ஆண்களில் வரவும் செலவும் சரிக்குச் சரியாகும் இடம் 336-ஆம் ரேங்க் என்று வந்தது. 2023-இல் நாட்டின் முதல் நிலை வீரரான சுமித் நாகல், வங்கியில் 900 யூரோதான் இருக்கிறது என்றார். அவருக்கு வேலைச் சம்பளமும் அறக்கட்டளை உதவியும் இருந்தன. அடுத்த பிப்ரவரியில் இதே நுங்கம்பாக்கத்தில் எம்15-ஐவிட மேல்மட்டமான சேலஞ்சர் போட்டியில் பட்டம் வென்று முதல் நூறுக்குள் வந்தார். இடையில் பணம் தீர்ந்திருந்தால்?

பையனுக்கு நான் சொல்லும் வழி அமெரிக்கக் கல்லூரி. சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படித்தபடியே 2007, 2008 கல்லூரிச் சாம்பியன் ஆனார்; 2009 சென்னை ஓபனில் இறுதி ஆட்டம் வரை போனார். மதுரைப் பையன் தட்சிணேஸ்வர் சுரேஷும் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்தான். 2025-இல் ஸ்விட்சர்லாந்தில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடி ஜெயித்தார். கோச், கோர்ட், பயணச் செலவு எல்லாம் கல்லூரியுடையது. முழு உதவித்தொகை எல்லோருக்கும் கிடைக்காது, பாதிதான் தருவார்கள் என்றால் மீதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். படிப்பை முடித்த பிறகு 22 வயதில் தொழில்முறைப் போட்டிகளுக்குப் போவது தாமதமே இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம். பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா போட்டியாடிக்கொண்டே காலம் கடத்தினால் கல்லூரியில் ஆடும் தகுதி குறைந்துபோகும். பரிசுப் பணம் வாங்குவதற்கும் விதி உண்டு, அது அடிக்கடி மாறுகிறது. கல்லூரி அணியில் சேர்க்கும் கோச்சிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லட்சக்கணக்கில் கேட்கும் ஏஜென்ட் தேவையில்லை. யூடிஆர் (ஆட்டத் திறனை அளக்கும் உலகளாவிய மதிப்பெண்), மார்க் ஷீட், ஒரு வீடியோ: இவற்றோடு பையனே கோச்சுகளுக்கு மெயில் எழுதட்டும். வீடியோவில் நல்ல ஷாட்டுகளை மட்டும் வெட்டி ஒட்டாமல் ஒரு செட்டை முழுதாக அனுப்பச் சொல்லுங்கள். பாயின்ட் போன பிறகு பையன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதையும் அவர்கள் பார்ப்பார்கள்.