மெக்கானிக் அண்ணனைப் பேச விடுங்கள்

வணக்கம்.

நானும் என் தம்பியும் வீட்டுக் குடிநீர் ஃபில்டர் விற்று, சர்வீஸும் செய்கிற சின்ன நிறுவனம் ஒன்றை நடத்துகிறோம். வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்பதால் ஒரு பாட்காஸ்ட் தொடங்கலாம் என்று நினைத்தோம். தம்பி எங்கள் விளக்கக் கையேட்டை நோட்புக் எல்எம் என்ற கூகுளின் ஏஐ கருவியில் ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆணும் பெண்ணும் தமிழில் பேசிக்கொள்ளும் நிகழ்ச்சி தயாராகிவிட்டது. "வாரம் ஒண்ணு போடலாம்க்கா, செலவே இல்ல" என்கிறான். எங்களிடம் 18 வருடமாக இருக்கும் மெக்கானிக் அண்ணனின் குரலை ஒரு நிமிடம் பதிவு செய்து கொடுத்தால், அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம் என்றும் சொல்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் இதில் என்ன தப்பு என்று அவன் கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒலிக்கோப்பை இணைத்திருக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பியதை இரண்டு முறை கேட்டேன். முதல் முறை எனக்கு வியப்புதான். கூகுள் இந்த இரட்டைக் குரல் உரையாடலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது 2024 செப்டம்பரில். 2025 ஏப்ரலில் தமிழ் உட்பட 50க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு அது விரிந்தது. இரண்டு பேர் மூச்சு வாங்கி, இடைமறித்து, "ஆமா ஆமா" போட்டுப் பேசுவதை நம் மொழியில் ஓர் இயந்திரம் செய்கிறது. உங்கள் தம்பியின் உற்சாகம் எனக்குப் புரிகிறது.

இரண்டாவது முறை, நீங்கள் கூடவே அனுப்பியிருந்த கையேட்டை எதிரில் வைத்துக்கொண்டு கேட்டேன். நான்காவது நிமிடத்தில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. கையேட்டில் இருப்பது இவ்வளவுதான்: "எங்கள் கருவி தண்ணீரின் டி.டி.எஸ் அளவைக் குறைக்கும்." ஒலிக்கோப்பில் அந்தப் பெண் குரல், "அப்போ டி.டி.எஸ் குறைஞ்சிருந்தா கிருமியே இல்லைன்னு நிம்மதியா குடிக்கலாம்" என்கிறது. ஆண் குரல் உடனே, "அதேதான்!" என்கிறது.

டி.டி.எஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவு. அதை அளக்க வைத்திருக்கும் சின்ன மீட்டர், தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று பார்த்து அதைக் கணக்கிடுகிறது. கிருமி இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, மெக்கானிக் அண்ணன் தினமும் யாரிடமாவது விளக்கிக்கொண்டிருப்பார். ஆனால் அந்த இரண்டு குரல்களும் இதை எவ்வளவு உறுதியாகச் சொல்கின்றன பாருங்கள். கைக்குழந்தை இருக்கிற ஒரு வீட்டில், மீட்டரில் எண் குறைவாகக் காட்டுகிறது என்று அந்தத் தண்ணீரை அப்படியே கொடுத்துவிட்டால்? "அது ஏஐ சொன்னது" என்று நாம் ஒதுங்க முடியாது.

முடியாது என்று ஒரு தீர்ப்பே இருக்கிறது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட், உறவினர் இறந்ததற்காகப் பயணம் செய்த ஒருவரிடம் கட்டணச் சலுகையைப் பற்றித் தவறான தகவலைச் சொல்லிவிட்டது. அவர் வழக்குப் போட்டபோது நிறுவனத் தரப்பு முன்வைத்த வாதங்களில் ஒன்று, அந்தச் சாட்பாட் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்கிற மாதிரியானது. 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையதளத்தில் இருப்பது எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு கொடுக்க வைத்தது. உங்கள் பெயரில் வெளியாகும் பாட்காஸ்டும் உங்கள் வாய்ச்சொல்தான்.

இன்னொன்றும் காதில் பட்டது. உங்கள் கையேட்டில் ஃபில்டர் என்பதைச் சில இடங்களில் 'பில்டர்' என்று அச்சடித்திருக்கிறீர்கள். அந்த இடங்களிலெல்லாம் இயந்திரம் வீடு கட்டித் தரும் பில்டரின் உச்சரிப்பில் வாசிக்கிறது. நம் எழுத்தில் ஒரே 'ப' பல ஒலிகளுக்கு நிற்கிறது. நாம் இடம் பார்த்துப் படித்துவிடுவோம், அதற்கு அது எப்போதும் கைகூடுவதில்லை. இயந்திரத்துக்கு எதைக் கொடுத்தாலும் ஆய்த எழுத்தை விடாமல் ஃபில்டர் என்றே எழுதிக் கொடுங்கள். இது சின்ன விஷயம், சரிசெய்துவிடலாம்.

சரிசெய்ய முடியாதது வேறு. அந்த 10 நிமிடத்தில் உங்கள் நிறுவனம் எங்கேயும் இல்லை. கையேட்டில் இருப்பது ஃபில்டர் விற்கிற எல்லோருடைய கையேட்டிலும் இருப்பதுதான். இயந்திரம் அந்த இரண்டு பக்கத்தை 10 நிமிடமாக நீட்டியிருக்கிறது. நீட்டும்போது இடைவெளிகளைத் தானாக நிரப்பியும் இருக்கிறது, டி.டி.எஸ் பிழை நுழைந்தது அந்த வழியாகத்தான். உங்கள் மனசு ஒப்பாததற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களிடம் இருக்கிற சரக்கு மெக்கானிக் அண்ணனின் 18 வருடம். அது எந்தக் கோப்பிலும் இல்லாததால் இயந்திரத்துக்கு எட்டவில்லை.

அதனால் வேலையைத் தலைகீழாகத் திருப்புங்கள். பேசுவது அண்ணனாக இருக்கட்டும், மற்ற வேலைகளை ஏஐ பார்க்கட்டும்.

அவரை மைக் முன்னால் உட்காரவைத்து "பேசுங்கள்" என்றால் வார்த்தை வராது. நீங்கள் வாடிக்கையாளராகக் கேளுங்கள். "டேங்க் நிறைஞ்ச அப்புறமும் கழிவுக் குழாயில தண்ணி போய்க்கிட்டே இருக்கே, ஏன்?" "பத்து நாள் ஊருக்குப் போயிட்டு வந்தா டேங்க்ல இருக்கிற தண்ணிய என்ன செய்யணும்?" இப்படிக் கேட்டால் அவர் எந்தப் பாகத்தை முதலில் பார்ப்பார் என்பதில் தொடங்கி, என்றோ ஒரு வீட்டில் பார்த்த கோளாறுவரை வரும். துணியும் மெத்தையும் இருக்கிற அறை எதிரொலியைக் குறைக்கும், படுக்கையறையே போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். 40 நிமிடம் பேசினால் 12 நிமிடம் தேறும்.

அப்புறம் தம்பியிடம் கொடுங்கள். அவருக்கு நிறைய வேலை இருக்கிறது. விஸ்பர் போன்ற ஒரு கருவி பேச்சை எழுத்தாக்கிவிடும். டிஸ்கிரிப்ட் மாதிரியான மென்பொருளில் எழுத்தில் ஒரு வரியை அழித்தால் ஒலியிலும் அந்த வரி போய்விடும். அதற்குத் தமிழ் சரியாக வருகிறதா என்று முதலில் ஒரு சின்னத் துண்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த எழுத்துப் பிரதியைக் காதோடு ஒப்பிடாமல் வெளியிட வேண்டாம். பேச்சு நின்று மௌனம் வரும் இடங்களில் யாருமே சொல்லாத வாக்கியத்தை விஸ்பர் எழுதிவிடுவது உண்டு. இரைச்சல் நீக்கும் கருவிகளையும் பாதி அளவில் வைத்தால் போதும். முழுதாக முடுக்கினால் குரல் பிளாஸ்டிக் மாதிரி ஆகி, ழகரமும் ளகரமும் கலங்கிவிடும். கடைசியில் ஒலி அளவை மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) அருகில் கொண்டுவாருங்கள், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைக்கும் அளவு அது.

ஏஐ எனக்கு உண்மையிலேயே பயன்படுகிற இடம் ஒன்று உண்டு. முழுப் பிரதியையும் அதனிடம் கொடுத்து, "இதைக் கேட்கிற, தொழில்நுட்பம் தெரியாத ஒருவருக்கு எங்கே புரியாது? எந்தக் கேள்வி பாக்கி இருக்கிறது?" என்று கேளுங்கள். நமக்குப் பழகிப்போனதால் விளக்காமல் தாண்டிவிட்ட இடங்களை அது நன்றாகவே சுட்டிக்காட்டும். அந்தக் கேள்விகளை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் மறுபடி போங்கள். தலைப்பு, சுருக்கக் குறிப்பு, எந்த நிமிடத்தில் என்ன என்ற பட்டியல் இதையெல்லாம் அதுவே எழுதட்டும். நீங்கள் ஒருமுறை படித்துத் திருத்தினால் சரி.

இனி, குரல் நகல். தம்பி சொல்வது நடக்கக்கூடியதுதான். எலெவன்லேப்ஸ் போன்ற சேவைகளில் ஓரிரு நிமிடப் பதிவே போதும். ஆனால் அந்தக் குரல் நிறுவனத்தின் சொத்து அல்ல. வாடிக்கையாளர் போனை எடுத்ததும் "அண்ணன் சொல்றாரா, அப்ப சரி" என்று நம்புகிறார்கள் என்றால், அந்த நம்பிக்கையை வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவர் அவர். அவர் சொல்லாத ஒன்றை அவர் குரலில் சொல்லவைப்பது, அவர் கையெழுத்தை நாம் போடுவது மாதிரி. பதிவில் ஒரு மாடல் எண் தவறாகிவிட்டது, திருத்த வேண்டும், அவர் வெளியூரில் இருக்கிறார் என்றால் அந்த ஒரு சொல்லுக்குப் பயன்படுத்தலாம். அதற்கும் முன்னதாகவே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். திருத்திய துண்டை அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு வெளியிடுங்கள். அவர் வேலையை விட்டுப் போனால் நகலை அழித்துவிடுவோம் என்பதும் அந்தச் சம்மதக் கடிதத்தில் இருக்கட்டும். வயதில் மூத்தவர், நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டார். அதனாலேயே இதை நீங்கள்தான் யோசித்துச் செய்ய வேண்டும்.

எந்தப் பகுதியிலாவது இயந்திரக் குரல் கணிசமாக வந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸின் விதியே அப்படித்தான் கேட்கிறது. வாரம் ஒன்று என்ற அவசரமும் வேண்டாம், மாதம் இரண்டு போதும்.

தம்பி தயாரித்த அந்தக் கோப்பை வெளியிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் போட்டுக் காட்டுங்கள். நான்காவது நிமிடத்தில் அவர் குறுக்கிட்டுப் பேசத் தொடங்குவார். அப்போது செல்போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்கட்டும், அதுதான் உங்கள் முதல் பகுதி. தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.