புகை உண்டா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் குமரி மாவட்டத்துக் கருங்கல். இப்போது சியாட்டிலில் வேலை. போன ஞாயிறு இங்கே ஏரிக்கரையிலுள்ள கேஸ் ஒர்க்ஸ் பூங்காவுக்குப் போனேன். நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுத்த பழைய ஆலை அது. துருப்பிடித்த கோபுரங்களை இடிக்காமல் நிறுத்தி, சுற்றிலும் புல் வளர்த்திருக்கிறார்கள். என்ன அமைதி! நம் பக்கம் மூடிக்கிடக்கும் அண்டி ஆபீஸ் (முந்திரிப்பருப்பு ஆலை) ஒன்றை இப்படிப் பூங்காவாக்கினால் என்ன? படங்கள் இணைத்திருக்கிறேன்.

உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பி,

படங்களைப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்றில் நீதான் நிற்கிறாய், கோபுரம் உன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது. போகட்டும்.

அந்த ஆலை 1906 முதல் 1956 வரை ஓடியது. குழாய்வழி இயற்கை எரிவாயு வந்ததும் மூடினார்கள். (நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் அந்த 1956இல்தான். சும்மா சொன்னேன்.) கோபுரங்கள் நிற்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ரிச்சர்ட் ஹாக் என்ற வடிவமைப்பாளர். பூங்காவுக்கு மறைந்த நகரமன்ற உறுப்பினர் மர்டில் எட்வர்ட்ஸின் பெயரை வைப்பதாக இருந்தது. கோபுரங்களை இடிக்கப்போவதில்லை என்றதும் அவர் குடும்பத்தார் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1975இல் திறந்தது. நீ ஏறி நிற்கும் பட்டம் விடுகிற மேடு, இடிபாடுகளைக் குவித்து மேலே நல்ல மண் போட்டது. ஏரியில் இறங்கக் கூடாது என்று அங்கே தடை உண்டு, கவனித்தாயா? அடிச்சேற்றில் பழைய ஆலையின் நஞ்சு.

இதையெல்லாம் கவனிக்காமல் 'அமைதி' என்று எழுதுகிறாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

என் அம்மா அண்டி தல்லினவள், முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்தவள். தோட்டின் பால் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, சாம்பல் தொட்டுத் தொட்டுத் தல்லுவாள். பருப்பின் எடைக்குத்தான் கூலி. கொட்டை ஏற்றிய கப்பல் வரவில்லை என்றால் ஆபீஸ் மூடிவிடும். காலையில் என்னை எழுப்பி, "மக்ளே, பாறைல ஏறிப் பொக உண்டான்னு பாரு" என்பாள். ஆபீஸ் குழலில் புகை இருந்தால் அவள் வேலைக்கு ஓடுவாள். இல்லையென்றால் எங்களுக்கு மரச்சீனிக் கிழங்குதான். புகையில்லாத அந்த நாட்களில் ஊர் நீ சொல்கிற மாதிரியேதான் இருக்கும். குருவி சத்தம் கேட்கும். காற்று சுத்தமாக இருக்கும். பெண்கள் திண்ணையில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு அமைதி என்றா பெயர்? உன் பாட்டியும் கருங்கல்காரிதானே, அவளிடம் கேட்டுப் பார்.

கோபுரத்தை வைத்ததில் எனக்குக் குறையில்லை. இடித்துவிட்டால் கேட்பதற்குக்கூட ஒன்றும் மிஞ்சாது. அடுத்த ஞாயிறும் போ. அங்கே கரி அள்ளினவன் ஆலை மூடிய மறுநாள் எங்கே போனான் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் படம் எடு.

உன் கேள்வி? அம்மாவின் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். புகைக்குழல் நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பந்தியில் பாயசத்தை விரலால் துழாவி, ஒரு அண்டிப்பருப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் நுறுக்கு. ஒண்ணுகூட முழுசு இல்ல."

பிறகு சாப்பிட்டாள்.