உடம்பில் கட்டும் சென்சார்களை வைத்து மனித நடையை ஆராய ஒரு மாணவன் எங்கிருந்து தொடங்கலாம்? லட்சக்கணக்கில் செலவாகுமா?

செலவை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆகாது. தொடங்க உங்கள் செல்போனே போதும். அதற்கடுத்து சில நூறு ரூபாயில் ஒரு சின்ன சென்சார் பலகை. காசைவிட இதில் அதிகம் செலவாவது பொறுமை, அப்புறம் வெல்க்ரோ.

நான் சேலத்துக்காரன், மெக்கானிக்கல் படித்தவன். எம்.இ. ப்ராஜெக்ட்டுக்கு இதைத்தான் எடுத்தேன்: ஏற்காட்டில் காப்பி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்குகிறவர்களின் கால் எப்படி அசைகிறது? என் பெரியம்மா அங்கே ஒரு எஸ்டேட்டில் வெகுகாலமாகப் பழம் பறிக்கிறார். ஏறும்போது ஒன்றும் சொல்லமாட்டார். இறங்கும்போதுதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, முட்டிக்கு அது கூடுதல் வேலை. இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை அவர் நடக்கிற தடத்திலேயே அளந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

பெரிய ஆய்வுக்கூடங்களில் இதற்கு அகச்சிவப்புக் கேமராக்கள் இருக்கும். உடம்பில் சின்னச் சின்ன உருண்டைகளை ஒட்டுவார்கள், தரையில் விசைத்தட்டு, அதாவது கால் அழுத்தும் விசையை அளக்கும் தட்டு, பதித்திருப்பார்கள். துல்லியத்தில் இன்றைக்கும் அதுதான் உரைகல். ஆனால் அங்கே நடப்பது சில மீட்டர் நீளமுள்ள சமதளத்தில். 1500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, ஈரச்சருகு மூடிய ஒற்றையடித் தடத்தை அந்த அறைக்குள் எப்படிக் கொண்டுபோவது? காலில் கட்டிய சென்சார் கால் போகிற இடத்துக்கெல்லாம் போகும், அவ்வளவுதான் அதன் பெருமை. இந்த யோசனையும் பழையதுதான். 1870-களிலேயே பிரான்ஸில் எத்தியேன் ஜூல் மாரே என்பவர் காலணியின் அடியில் காற்றறை வைத்து, அதிலிருந்து ஒரு குழாய் விட்டு, நடப்பவர் கையிலேயே பிடித்திருக்கும் உருளையில் கோடு விழும்படி செய்துவிட்டார்.

சரி, சென்சாருக்குள் என்ன இருக்கிறது? ஐ.எம்.யூ. என்று சொல்லும் அந்தப் பலகையில் ஒரு ஆக்சிலரோமீட்டர், ஒரு கைரோ, சிலவற்றில் ஒரு காந்தமானி. ஆக்சிலரோமீட்டர் முடுக்கத்தைச் சொல்லும், ஆனால் அதில் புவியீர்ப்பும் கலந்தே வரும். மேசைமேல் சும்மா கிடந்தாலும் 9.8 என்று காட்டும். கைரோ ஒரு வினாடிக்கு எத்தனை டிகிரி சுழல்கிறது என்று மட்டும் சொல்லும். கோணம் வேண்டுமென்றால் அதை நாம்தான் கூட்டிக்கூட்டி எடுக்க வேண்டும். காந்தமானி திசைகாட்டி.

நான் வாங்கியது எம்.பி.யூ. 6050. ஆக்சிலரோமீட்டரும் கைரோவும் உண்டு, காந்தமானி கிடையாது. முதல் நாள் என் காலிலேயே கட்டிக்கொண்டு வீட்டு மாடியில் நடந்தேன். கணுக்காலுக்கு மேலே கட்டிய கைரோவின் வரைபடம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெரிய மேடு காட்டும். கால் காற்றில் வீசி முன்னே போகும் நேரம் அது. மேட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம், கால்விரல் தரையை விடும் கணம். பின்னால் ஒரு பள்ளம், குதிகால் தரையைத் தொடும் கணம். இந்த இரண்டு பள்ளத்தையும் பிடித்துவிட்டால் நடையின் நேரக்கணக்கு பாதி கைக்கு வந்த மாதிரி. சாதாரண நடையில் ஒரு கால் தரையில் இருப்பது சுமார் 60 சதவீதம், காற்றில் 40 சதவீதம்.

என் வரைபடத்திலோ மேடுகள் எல்லாம் உச்சி நறுக்கியதுபோல் இருந்தன. தட்டுவடை மாதிரி தட்டை. என் நடைதான் அப்படியோ என்றுகூடத் தோன்றியது. விஷயம் வேறு. அந்தச் சிப்பை வாங்கி அப்படியே ஓடவிட்டால் வினாடிக்கு 250 டிகிரிக்கு மேல் அளக்காது. கால் வீசும்போது சர்வசாதாரணமாக 300-ஐத் தாண்டும். ஆக்சிலரோமீட்டரும் அப்படித்தான், சும்மா விட்டால் 2 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல இரண்டு மடங்கு, வரைதான், குதிகால் தரையில் இடிக்கும்போது அது பத்தாது. அமைப்பில் 2000 டிகிரி, 16 ஜி என்று மாற்றிய பிறகு மேடுகளுக்குத் தலை முளைத்தது. ஏற்காடு போவதற்கு முன்னால் மாடியிலேயே இது தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

அடுத்த தலைவலி நகர்வு. கைரோ அசையாமல் இருக்கும்போதும் பூஜ்யம் காட்டாது, சின்னப் பிழை ஒன்று எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். வினாடிக்கு 0.1 டிகிரிதானே என்று விட்டால் பத்து நிமிடத்தில் 60 டிகிரி. ஆள் நிமிர்ந்து நின்றுகொண்டிருப்பார், கணினி அவரைப் பாதி கவிழ்த்துவிடும். ஆக்சிலரோமீட்டரிலிருந்து தூரம் கணக்கிடுவது இன்னும் மோசம். சாய்வை ஒரே ஒரு டிகிரி தப்பாக எடுத்தால் புவியீர்ப்பில் ஒரு துண்டு முடுக்கமாகக் கணக்கில் ஏறி, பத்து வினாடியில் எட்டரை மீட்டர் தள்ளிப்போய் நிற்பீர்கள். பாதத்தில் சென்சார் கட்டுகிறவர்கள் இதற்கு அழகான ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஒவ்வொரு அடியிலும் பாதம் தரையில் ஒரு கணம் அசையாமல் நிற்கிறது அல்லவா, அந்தக் கணத்தில் வேகம் பூஜ்யம் என்று கணக்கைத் திருத்திவிடுவது. வேகத்தின் பிழை ஒரு காலடியிலிருந்து அடுத்ததுக்குச் சேர்ந்துகொண்டே போகாது.

கோணத்துக்கு இரண்டையும் கலக்க வேண்டும். சட்டென்று வரும் அசைவுக்குக் கைரோவை நம்பு, நீண்ட நேரத்துக்கு ஆக்சிலரோமீட்டரை நம்பு. 98 பங்கு கைரோ, 2 பங்கு ஆக்சிலரோமீட்டர் என்று கலந்தாலே ஓரளவு நன்றாக வரும். இப்படிக் கலக்கும் கணக்கை வடிகட்டி என்பார்கள். 1960-இல் கால்மன் எழுதிய வடிகட்டி முதல் நிரலாகவே இணையத்தில் கிடைக்கும் மாட்க்விக் வடிகட்டி வரை எல்லாமே இங்கே செய்வது இந்தக் கலக்கும் வேலையைத்தான். மாணவர்கள் இங்கேதான் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறார்கள். நானும் தங்கினேன். தேவையே இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கைரோவின் பிழை வெப்பநிலையோடு சேர்ந்து மாறும். நான் சேலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மத்தியானம் பிழையை அளந்து, அந்த எண்ணை நிரலில் எழுதிவைத்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஜனவரிப் பனியில் பெட்டியைத் திறந்தேன். எண் வேறாகியிருந்தது. மேலே போனதும் பெட்டியை நிழலில் கால்மணி நேரம் ஆறவிட்டு, ஒரு கல்மேல் அசையாமல் வைத்து, ஒரு நிமிடம் பதிவுசெய்து, அந்தச் சராசரியைக் கழியுங்கள்.

காந்தமானி இருக்கும் பலகை வாங்கட்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நம் பக்கம் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். இரும்பு பீரோவைக் கடந்து நடந்தாலே வடக்கு திரும்பிவிடும். காந்தத்தில் ஒட்டும் இரும்புக்கல் நிறைந்த கஞ்சமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திசைகாட்டியை நம்புவதா என்று என் நண்பன் கிண்டல் செய்வான். மலை அவ்வளவு தூரம் கெடுக்காது, உங்கள் வீட்டுக் கம்பிக் கட்டிலும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும்தான் கெடுக்கும். முழங்கால் மடங்கும் கோணம் மட்டும் வேண்டுமென்றால் காந்தமானி இல்லாமலே சமாளிக்கலாம். முழங்கால் கிட்டத்தட்ட ஒரு கதவுக் கீல். தொடையில் ஒன்று, கணுக்காலுக்கு மேல் ஒன்று கட்டி, உட்கார்ந்து பத்துத் தடவை காலை மடக்கி நீட்டச் சொன்னால் கீலின் அச்சு எந்தப் பக்கம் என்று தரவே சொல்லிவிடும். நிமிர்ந்து நிற்கும் ஐந்து வினாடியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். சமதள நடையில் கால் வீசும்போது முட்டி 60 டிகிரி வாக்கில் மடங்கும். உங்களுக்கு 110 வந்தால் தப்பு முட்டியில் இல்லை.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. மேலே எழுதிய கணக்கெல்லாம் நிரலாகக் கிடைக்கும். கட்டுவது கிடைக்காது.

முதல் நாள் பெரியம்மாவுக்குச் சென்சாரைக் கெண்டைக்காலின் வெளிப்பக்கம் கட்டினேன். வெல்க்ரோ அங்கேதான் சுலபமாக ஒட்டியது. மேல் காட்டிலிருந்து ரோட்டு வரை மூட்டையோடு இறங்கினார். பதிவைத் திறந்து பார்த்தால் வலது கால் பாதி வழியில் உள்பக்கமாகத் திரும்பி, கடைசி வரை இருபது டிகிரிக்கு மேல் கோணலாகவே இருந்தது. முட்டிவலிக்காரர் என்பதால் எனக்கு ஒரே பரவசம், களைப்பில் கால் உள்ளே மடிகிறது என்று தலைப்பே யோசித்துவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து, நகர்வுப் பிழையோ என்று இரண்டு ராத்திரி வடிகட்டியைத் திருகிக்கொண்டிருந்தேன். ஆனால் நகர்வு என்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய வேண்டும். இது ஒரே இடத்தில் படிக்கட்டு மாதிரி குதித்திருந்தது.

போனில் எடுத்த வீடியோவை அந்த நேரத்துக்கு ஓட்டினேன். பெரியம்மா ஒரு கையால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து காலைத் தொடுகிறார். "சாமி, இது எறங்குது" என்கிறார். கேமராவுக்குப் பின்னாலிருந்து என் குரல்: "பரவால்லங்க பெரியம்மா, நடங்க."

கெண்டைக்காலில் சதை. ஒவ்வொரு அடிக்கும் அது குலுங்கும், சென்சார் எலும்போடு போகாமல் சதையோடு போகும், கட்டு தளர்ந்து ஒரு இடத்தில் சுற்றி இறங்கிவிடும். முட்டிக்குக் கீழே, காலின் முன்புறத்தில், உள்பக்கமாகக் கையை வைத்துத் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் உடனே எலும்பு தட்டும் தட்டையான இடம் ஒன்று இருக்கும். அங்கே கட்ட வேண்டும். மறுநாள் அங்கே கட்டினேன், ஆனால் கணுக்காலுக்கு ரொம்பப் பக்கத்தில். இந்த முறை ஆக்சிலரோமீட்டரில் ஊசி ஊசியாக ஏதோ குத்திக்கொண்டே இருந்தது. கொலுசு! ஒவ்வொரு அடிக்கும் பெட்டியில் தட்டியிருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் செய்த கனமான கொலுசு. கழற்றச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நாலு விரல் மேலே ஏற்றிக் கட்டினேன், ஊசிகள் போயின.

தொடை இன்னும் தொல்லை. அங்கே எலும்பு கிட்டவே வராது. அகலமான பட்டை, உள்பக்கம் ரப்பர் ஒட்டிய துணி, இறுக்கம் ரத்தம் கட்டாத அளவுக்கு. எங்கள் தெரு டெய்லர்தான் தைத்துக் கொடுத்தார். பாட்டரி சின்னதாக இருக்கட்டும். பெட்டி கனத்தால் அதுவே தனியாக ஆடும், நீங்கள் அளப்பது பெட்டியின் நாட்டியமாகிவிடும்.

மூன்றாவது பதிவுதான் உருப்படியாக வந்தது. மூட்டையோடு இறங்கும்போது பெரியம்மாவின் அடி குறுகி, வேகமாகி, கால்வீச்சின் மேடு தணிந்திருந்தது. சும்மா இறங்கும்போது அப்படி இல்லை. ஒரே ஆள், ஒரே தடம், அதற்குமேல் இதில் ஒன்றும் சொல்ல முடியாது. முக்கியமாக, முட்டியில் எத்தனை கிலோ பாரம் விழுகிறது என்று இதிலிருந்து எடுக்க முடியாது. ஐ.எம்.யூ. அசைவைத்தான் அளக்கும், விசையை அல்ல. விசைக்குத் தரை திருப்பித் தள்ளும் அளவு வேண்டும், அதற்கு விசைத்தட்டு, இல்லையென்றால் அனுமானங்கள் நிறைந்த ஒரு கணித மாடல். என்னிடம் வைவாவில் கேட்ட முதல் கேள்வியே இதுதான். உங்கள் தலைப்பில் 'விசை', 'பாரம்' என்ற சொற்கள் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. பெரியம்மாவோடு வேலை செய்யும் மற்றவர்கள் கட்டிக்கொள்ளத் தயங்கினார்கள். யார் மெதுவாக வேலை செய்கிறார்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிடும் கருவியோ என்று பயம். நியாயமான பயம்தான். பதிவில் பெயர் போடாமல் எண் மட்டும் போட்டு, வரைபடத்தை அவர்களிடமே காட்டி, எஸ்டேட்டில் யாருக்கும் தரமாட்டேன் என்று சொன்ன பிறகு இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்களை நான் வற்புறுத்தவில்லை.

நீங்கள் தொடங்க வேண்டிய விதம்: போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, போனின் சென்சாரை நேரடியாகக் காட்டும். போனை முதுகுக்குக் கீழே, அரைஞாண் கிடக்கும் இடத்தில், துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே நூறு அடி நடங்கள். வரைபடத்தில் நூறு மேடு வருகிறதா பாருங்கள். அப்புறம் போனைச் சட்டைப்பையில் போட்டு அதே நூறு அடி. கட்டுவதன் அருமை பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். அதற்குப் பிறகு பலகை வாங்குங்கள், இரண்டாக. வினாடிக்கு நூறு முறை பதிந்தால் நடைக்குப் போதும், ஓட்டத்தில் குதிகால் இடியை அளக்க இன்னும் பல மடங்கு வேண்டும். இரண்டின் நேரத்தையும் பொருத்த, கட்டுவதற்கு முன் இரண்டையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து மேசையில் மூன்று தட்டு. அந்த மூன்று ஊசிகளை வரிசையில் வைத்தால் வேலை முடிந்தது.

வீடியோவையும் கூடவே எடுங்கள். சத்தத்தோடு.