கை அசைகிறது, சோறு பிசைய முடியவில்லை

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. 4 மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தது. பிசியோதெரபி எடுத்ததில் இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், கையையும் தூக்குகிறார். ஆனால் சோறு பிசைந்து சாப்பிடவோ, ஜாக்கெட் கொக்கி மாட்டவோ முடியவில்லை. ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் பாருங்கள்’ என்கிறார் மருத்துவர். அவர் என்ன செய்வார்? நாங்கள் திண்டிவனத்தில் இருக்கிறோம், எங்கே தேடுவது?

பதில்: உங்கள் மருத்துவர் சரியான வழியைத்தான் காட்டியிருக்கிறார். ‘ஆக்குபேஷன்’ என்றதும் பலர் வேலை வாங்கித் தரும் இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே அந்தச் சொல் குறிப்பது, ஒருவர் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்கிற எல்லாக் காரியங்களையும். பல் தேய்ப்பது, குளிப்பது, உடுத்துவது, சமைப்பது எல்லாம் அதில் அடங்கும். தமிழில் செயல்முறை மருத்துவம் என்கிறோம். கைக்கு அசைவும் பலமும் வர பிசியோதெரபிஸ்ட் உழைக்கிறார். அந்தக் கையை மறுபடியும் அதன் வேலைக்குப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டின் பொறுப்பு.

என்னிடம் வந்த ஒரு அம்மா பூக்கட்டி விற்பவர். அவருக்கும் வலது கைதான். தெரபிஸ்ட் அவரிடம் முதலில் கொடுத்தது தடிமனான துணி நாடா. அதில் முடிச்சுப் போட வந்ததும் சணல், அப்புறம் வாழைநார், கடைசியில் பூ. ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னால் பத்து நிமிடத்தில் சலித்துக்கொள்பவர், நாரை எடுத்தால் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். தெரிந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளையும் அதற்கான வழியைப் புதிதாகப் பழகிக்கொள்கிறது.

உங்கள் அம்மாவுக்குத் தடித்த பிடி வைத்த கரண்டி, விளிம்பு உயர்ந்த தட்டு, கொக்கிக்குப் பதில் வெல்க்ரோ என்று தொடங்கலாம். தெரபிஸ்ட் வீட்டையும் பார்ப்பார்: நிலைப்படி உயரம், கழிப்பறையில் கைப்பிடி, குளிக்கும்போது உட்கார நாற்காலி.

தேடும் இடத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பக்கம் புதுச்சேரி ஜிப்மர். அங்கே உடலியல் மற்றும் மறுவாழ்வு மருத்துவத் துறையில் கேளுங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் இதற்குத் தனித் துறையே உண்டு. மருத்துவமனையில் ‘ஓ.டி. எங்கே?’ என்று கேட்காதீர்கள், ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பிவிடுவார்கள். ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

தனியாரிடம் போனால் பி.ஓ.டி. படித்தவரா என்று கேளுங்கள். இன்டர்ன்ஷிப்போடு சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பு அது. கேட்பதில் தப்பில்லை. நல்ல தெரபிஸ்ட் முதல் நாளே ‘அம்மா வீட்டில் என்னென்ன செய்துகொண்டிருந்தார்?’ என்று விசாரிப்பார். இத்தனை நாளில் கை பழையபடி ஆகிவிடும் என்று உறுதி கொடுப்பவரை நம்ப வேண்டாம். வாராவாரம் போக முடியாவிட்டால், மாதம் ஒருமுறை போய்ப் பயிற்சியைக் கற்றுவந்து வீட்டில் தினமும் செய்யுங்கள். பிசியோதெரபியை நிறுத்த வேண்டாம்.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேனும் எடுத்துச் செல்லுங்கள். அம்மா சாப்பிடுவதையும் ஜாக்கெட் போடுவதையும் போனில் வீடியோ எடுத்துக் காட்டினால் தெரபிஸ்ட்டுக்குப் பாதி வேலை மிச்சம்.

அதுவரை வீட்டில் இரண்டு விஷயம். ஜாக்கெட் போடும்போது பாதித்த வலது கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். எழுப்பி உட்கார வைக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. பக்கவாதத்தில் தோள்பட்டைத் தசைகள் தளர்ந்திருக்கும், மூட்டு எளிதில் நழுவிவிடும்.