தாழ்மை, தேவனைச் சார்ந்திருத்தல்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தாழ்மையைப் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

ஆராதனை முடிந்து யாராவது "நல்லா பாடினீங்க" என்றால், "நான் ஒன்றுமே இல்லை, எல்லாம் ஆண்டவர்தான்" என்பேன். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இது வேஷமா அண்ணா?

சந்தோஷப்படுவது பாவமில்லை தங்கச்சி. "நன்றி" என்று சொல்லிவிட்டுப் போங்கள், போதும். மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விட நான் அதிகமாய்ப் பாடுபட்டேன் என்று பவுல் 1 கொரிந்தியர் 15:10-இல் கூச்சமில்லாமல் எழுதுகிறார், அதே மூச்சில் அது நான் அல்ல, என்னோடிருக்கும் தேவகிருபையே என்கிறார். உழைத்ததையும் மறைக்கவில்லை, உழைக்கப் பலம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. கொலோசெயர் 2-இல் "மாயமான தாழ்மை" என்றே ஒன்று வருகிறது, தன்னைக் குறைத்துப் பேசுவது சில நேரம் அந்த வகையில் சேர்ந்துவிடும். உங்கள் சோலோவை அடுத்த வாரம் வேறொருவருக்குக் கொடுத்தால் மனம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஜெபத்தில் வைக்க வேண்டியது அதைத்தான்.

அப்பாவுக்குச் சர்க்கரை. ஜெபக்குழுவில் ஒருவர், இன்சுலினை நிறுத்தினால்தான் விசுவாசம் என்கிறார்.

நிறுத்தாதீர்கள். இன்றைக்கே அப்பாவிடம் சொல்லுங்கள், ஒரு வேளைகூடத் தள்ளிப்போட வேண்டாம். நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் சுகம் தருவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிக் கட்டியின்மேல் போட வைத்தார் (2 இராஜாக்கள் 20). பவுலோடு கூட இருந்த லூக்கா வைத்தியர். ஆசா ராஜா தன் வியாதியில் வைத்தியரைத் தேடியது தப்பாகச் சொல்லப்படுகிறதே என்று அந்த நண்பர் கேட்கலாம், ஆனால் அங்கே குற்றமாகச் சொல்லப்படுவது அவன் கர்த்தரைத் தேடவே இல்லை என்பது. அப்பா ஜெபித்துவிட்டு ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

வேலையை விட்டுவிட்டு ஜார்ஜ் முல்லர் மாதிரி விசுவாச ஊழியத்துக்குப் போக ஆசை. வீட்டில் கடன் இருக்கிறது. கடனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாமா ஐயா?

தம்பி, முல்லரை முழுசாகப் பார்க்க வேண்டும். பிரிஸ்டலில் 1836-இல் ஒரு வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளைச் சேர்த்தார், 1870-க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள், வாழ்நாளில் ஏறக்குறைய 10,000 பிள்ளைகள், அதற்காக எந்த மனிதரிடமும் பணம் கேட்கவில்லை. இது எல்லாருக்கும் தெரியும். அவர் கடனுக்குப் பொருள் வாங்க மறுத்தார் என்பதும், வந்த காணிக்கையை எழுதிவைத்து வருஷந்தோறும் கணக்கை அச்சிட்டு வெளியிட்டார் என்பதும் சாட்சிக் கூட்டங்களில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அவருடைய சார்ந்திருத்தல் அந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருந்தது. தேவனிடமிருந்து வருகிறது என்று நிஜமாக நம்புகிறவர் ஒவ்வொரு பைசாவுக்கும் பதில் சொல்ல ஆயத்தமாக இருப்பார். உங்கள் கடன் யாரோ உங்களை நம்பிக் கொடுத்த பணம், அதை அடைப்பது விசுவாசக் குறைவு ஆகாது. கொரிந்துவில் பவுல் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டேதான் பிரசங்கித்தார். வேலையில் இருந்தபடியே ஊழியத்தைத் தொடங்குங்கள், அழைப்பு உண்மையானால் கடன் தீரும்வரை காத்திருப்பதால் அது கெட்டுப்போகாது.

கணவர் அடிக்கிறார். தாழ்மையாகப் பொறுத்துக்கொள், ஆண்டவர் மாற்றுவார் என்று சபையில் சொல்கிறார்கள். எவ்வளவு நாள் அக்கா?

(என் மனைவியைக் கேட்டிருக்கிறீர்கள், அவளும் பக்கத்தில் இருக்கிறாள், இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம்.) ஒரு நாளும் வேண்டாம் அம்மா. பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் அறைந்தபோது இயேசு "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று நேருக்கு நேர் கேட்டார் (யோவான் 18:23). அவரைவிடத் தாழ்மையுள்ளவர் யார்? பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார் பவுல். தேவனுக்குமுன் தாழ்ந்திருப்பது வேறு, ஒரு மனுஷனுடைய அக்கிரமத்துக்கு உடம்பைக் கொடுப்பது வேறு, இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பெண்களுக்குப் போதிக்கிறவர்கள் தேவனுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை. இந்தியாவில் இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள், பிள்ளைகளோடு பாதுகாப்பான உறவினர் வீட்டுக்குப் போங்கள். அவருக்காக அங்கிருந்தும் ஜெபிக்கலாம்.

கஷ்டத்தில் விடியற்காலை ஜெபம், உபவாசம் எல்லாம் இருந்தது. இப்போது வியாபாரம் நன்றாகப் போகிறது, ஜெபம் சுருங்கிவிட்டது. ஏன்?

உசியா ராஜாவின் கதைதான் அண்ணா, 2 நாளாகமம் 26. பதினாறு வயதில் அரசன், கோபுரங்கள், கிணறுகள், மூன்று லட்சத்துக்கு மேல் சேனை. அவன் பலப்பட்டபோது மனம் மேட்டிமையாயிற்று என்று எழுதியிருக்கிறது. தோற்றபோது இல்லை, பலப்பட்டபோது. ஆசாரியர் மட்டுமே தூபம் காட்ட வேண்டிய இடத்துக்குள் நுழைந்தான், தடுத்த ஆசாரியர்மேல் கோபப்பட்டான், குஷ்டரோகியாகவே செத்தான். சோதனை என்றால் நாம் நஷ்டத்தையே நினைக்கிறோம், லாபக் காலம்தான் கடினமான பரீட்சை என்பேன் நான். உங்களைத் தடுத்துப் பேசத் தைரியமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உபாகமம் 8:17, 18-ஐக் கடையில் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டுங்கள், ஐசுவரியம் சம்பாதிக்கப் பலம் கொடுக்கிறவர் யார் என்று அங்கே இருக்கிறது.

கோவில் கட்டட நிதிக்குக் கொடுத்தேன். கல்வெட்டில் பெயர் போடவா என்று கேட்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் தன் கல்லறைக்குக் கல்லே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அங்கே பறவைகளுக்கான ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட பெயர் மட்டும்.

பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறேன். ஊழியம் செய்த கைக்கு இப்போது ஒருவர் சோறு ஊட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மேலே சொன்ன அதே ஏமி அம்மையார் 1931-இல் கீழே விழுந்தார், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். தன்னை வருத்திய வேதனையை "முள்" என்கிறார் பவுல், அதை எடுத்துப்போடும்படி மூன்று முறை கேட்டார், எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. உங்கள் வேதனைக்கு இது முழுப் பதில் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பேதுருவின் காலைக் கழுவ இயேசு குனிந்தபோது அவர் வேண்டாம் என்று தடுத்தாரே, வாங்கிக்கொள்வது அவருக்கே அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது. உங்களுக்கு ஊட்டுகிறவருடைய பெயரைச் சொல்லித் தினமும் ஜெபியுங்கள், அவர் காதில் விழும்படியாகவே ஜெபியுங்கள். முகவரியையும் எழுதியிருந்தீர்கள், அடுத்த வாரம் நானே வருகிறேன்.