வெள்ளை படிந்த கசெற்றை ஓட்டலாமா?

அம்மம்மாவின் குரல் பதிந்த கசெற்றில் வெள்ளை படிந்திருக்கிறது, அதை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்ட வேண்டாம். அதை ஒரு தடவை சுழற்றினாலே வெள்ளைத் தூள் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் அப்பி, அடுத்துப் போடும் கசெற்றுகளுக்கும் பரவிவிடும்.

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்காற்று நேரே வரும் அறையின் அலுமாரியில் பல ஆண்டுகள் கிடந்ததாக நீங்கள் எழுதியிருப்பதால், இது பெரும்பாலும் ஈரப்பதத்தால் வந்த பூஞ்சணமே. கசெற்றின் கண்ணாடி வழியே டோர்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் நூல்நூலாகவோ பொட்டுப்பொட்டாகவோ தெரிந்தால் சந்தேகமே இல்லை.

முதலில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் சில வாரங்கள் உலரவிடுங்கள். உலர்ந்த பூஞ்சணம் தூளாக உதிரும். ஈரமானது நாடாவில் இழுபட்டு ஒட்டும். பிறகு திருகாணிகளைக் கழற்றி, முகக்கவசத்துடன், வீட்டுக்கு வெளியே வைத்து மென்தூரிகையால் துடையுங்கள்.

நாடாவின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் மட்டும் தயவுசெய்து இழுக்காதீர்கள். காந்தப் பூச்சு உரிந்தால் குரலும் அதோடு போய்விடும். அதைப் பழக்கமுள்ளவரிடமே கொடுங்கள்.